ஆர்விட் வாங்கிய நடுநிலை ஹெட்போன்

அமெரிக்காவில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. விருந்தில் வைத்த கோழி வேகவில்லையா, எதிர் வீட்டுக்காரன் தன் வீட்டுக்கு ஊதா வர்ணம் அடித்துவிட்டானா, "வித்தியாசமா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக ஏரியைப் பார்ப்பார்கள். அதைக் கேட்டவனுக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்காது.

பிப்ரவரி முதல் ஞாயிறன்று, ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில், ஆர்விட் லிண்ட்குவிஸ்ட் அந்த வார்த்தையைப் பதினோரு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

விஷயம் இதுதான். சர்ச்சுக்கு நூறு வயது ஆகிறது. பாடகர் குழுவின் பன்னிரண்டு பாட்டுகளை இலையுதிர் காலத்திலேயே பதிவு செய்தாகிவிட்டது. குரல்களைக் கூட்டிக் குறைத்து, சீராக்கி, ஈஸ்டருக்குள் இசைத்தட்டாகக் கொடுக்கும் வேலையை ஆர்விட் தானே கை தூக்கி வாங்கிக்கொண்டான். அவன் வீட்டுக்கு அடியில் பேஸ்மென்டில், துணி துவைக்கும் மெஷினுக்கும் ஹீட்டருக்கும் நடுவே, ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. ஸ்டூடியோ என்று அவன் சொல்வான். அவன் மனைவி மார்லிஸ் அதை "ஹீட்டர் பக்கம்" என்பாள்.

முதல் பாட்டைச் சர்ச் கூடத்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான். ஹெட்போனில் கும்மென்று முழங்கிய பாட்டு, ஸ்பீக்கரில் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. அதைவிட மோசம், பெண்களில் கீழ்க்குரல் பாடும் ஆல்ட்டோக்காரிகள் ஆறு பேரையும் காணவில்லை. சும்மா வாயசைத்துவிட்டுப் போனார்களோ என்று வெளியூர்க்காரன் சந்தேகப்படுவான். அந்த ஆறு பேரில் ஒருத்தி மார்லிஸ்.

காரில் வீடு திரும்பும் வழியில் ஆர்விட் சபதம் எடுத்தான்.

"பாட்டுல ஒரு குறையும் இல்ல, மார்லிஸ். ஹெட்போன் பொய் சொல்லுது. நம்ம பையன் குடுத்தது பாரு, சின்னப் பசங்க கேக்கறது. அடி ஒலியை ஊதி ஊதிக் காட்டுது. அதை நம்பி நான் அடி ஒலியைக் குறைச்சேன். குறைச்சதுல உங்க ஆறு பேரும் போயிட்டீங்க."

"முப்பது வருஷமா நீ எதைச் சொதப்பினாலும் அந்தச் சாமான் மேலதான் தப்பு."

"நடுநிலையான ஹெட்போன் ஒண்ணு வாங்கணும்."

"அதென்ன நடுநிலை?"

"உள்ளதை உள்ளபடி சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கேக்கறவன் மனசு நோகுமேன்னு பாக்கக் கூடாது."

மார்லிஸ் சற்று யோசித்தாள். "அப்படி ஒண்ணு இந்த ஊர்ல கிடைக்குமா?"

"ஜெர்மனியில செய்யறாங்க."

"அதானே பாத்தேன்."

சபதத்தில் பாதிதான் அவளிடம் சொன்னது. மீதிப் பாதியை ஆர்விட் நெஞ்சுக்குள் பத்திரமாக வைத்திருந்தான். அந்தப் பழைய ஹெட்போனுக்கு ஒரு மகிமை உண்டு. புதிதாக இருந்தபோது அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மேலேயிருந்து ஒரு சத்தமும் இறங்கி வராது. "ஆர்விட், குப்பையை வெளியில வை." வராது. "ஆர்விட், வாசல்ல பனி." வராது. சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம், மனிதன் சுதந்திரமாக இருந்தான். இப்போது அதன் காதுமெத்தை உரிந்து, கறுப்புச் சருகுகள் கழுத்தெல்லாம் ஒட்டி, இடுக்கு வழியாக மார்லிஸின் குரல் கசிய ஆரம்பித்திருந்தது. ஆகவே புது ஹெட்போன் நடுநிலையாக இருந்தால் நல்லது. காதை அடைத்து மூடுவதாக இருந்தாக வேண்டும்.

ஒரு வாரத்தில் இரண்டு பெட்டிகள் வந்தன. வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பி அனுப்பலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு. இரண்டும் மூடிய ரகம். கறுப்பைக் கண்டதும் ஆர்விட்டுக்குக் காதல். மாட்டிக்கொண்டால் பக்கத்தில் தீயணைப்பு வண்டி போனாலும் தெரியாது. ஆனால் பிடி இருக்கிறதே, அது குறடு. ஆர்விட் தடித்த மூக்குக் கண்ணாடி போடுகிறவன். அதன் காம்பை அந்தக் கறுப்பு ஹெட்போன் நெற்றிப்பொட்டில் அழுத்தி அழுத்தி, இருபது நிமிஷத்தில் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிட்டது.

"சௌகரியமா இருக்கா?" என்றாள் மார்லிஸ்.

"மெத்தை மாதிரி இருக்கு."

"முகத்துல ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கே."

"அது வயசு."

அந்த வாரம் முழுக்க இரவுச் சாப்பாட்டு மேஜையில் ஆர்விட் பாடம் நடத்தினான். அவன் தொழில் கண் பரிசோதனை. இருபத்தாறு வருஷமாக ஆட்களின் மூக்குக்கு முன்னால் லென்ஸைத் தட்டித் தட்டி, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா" என்று கேட்டுச் சம்பாதித்தவன். ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"முக்கியமான விஷயம் சத்தம்தான்," என்று முள்கரண்டியைத் தூக்கிப் பிடித்தான். "ரெண்டு ஹெட்போனும் ஒரே அளவு சத்தத்துல இருக்கணும். ஒண்ணு மயிரிழை கூடுதலா இருந்தாப் போதும், அதுதான் ஒசத்தின்னு காது அடிச்சுச் சொல்லும். சத்தம் கூடினதுன்னு தெரியாது. தெளிவு கூடினதுன்னு தோணும். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இதுல கவுந்திருக்காங்க."

"நீயும் கவுந்துருவியா?"

"நானா?" அவன் சிரித்த சிரிப்பில் மீன் தொண்டைக்குள் சிக்கியது.

மார்லிஸ் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். அவள் பள்ளிக்கூட பஸ் அலுவலகத்தில் ரேடியோவில் உட்காருகிறவள். பதினாறு டிரைவர்களோடு தினமும் பேச்சு. எவனுக்கு நிஜமாகவே கேட்கவில்லை, எவன் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறான் என்று மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஆர்விட் அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாவதாக ஒரு பெட்டி வந்தது. ஆர்விட் அதைக் கேட்கவில்லை.

"நான்தான் வரவழைச்சேன்," என்றாள் மார்லிஸ். "கடைக்காரனுக்குப் போன் போட்டு நீ சொன்னதை அப்படியே சொன்னேன். நடுநிலையா இருக்கணும், மணிக்கணக்கா மாட்டினாலும் வலிக்கக் கூடாது, கண்ணாடி போடறவர், வீட்டு ஸ்டூடியோவில பாட்டைச் சீர் பண்றவர்னு. அவன் யோசிக்கவே இல்ல, இதைத்தான் சொன்னான்."

சாம்பல் நிறம். காது வைக்கும் இடத்தில் பூனைக்குட்டி போன்ற மெத்து. ஆனால் வெளிப்பக்கம் மூடியே இல்லை. வெறும் கம்பி வலை.

"இது சல்லடை," என்றான் ஆர்விட், குரல் கம்மி.

"திறந்த ரகமாம். காத்து போகும், காது வேகாது. ஒலி இயல்பா இருக்குமாம். பாட்டைச் சீர் பண்றவங்க நிறையப் பேர் இதைத்தான் மாட்டுவாங்களாம்."

"வெளிச் சத்தம் உள்ள வருமே."

"வரட்டுமே. பேஸ்மென்ட்ல என்ன வெளிச் சத்தம்?"

ஆர்விட் வாயைத் திறந்தான். வெளிச் சத்தம் என்பது நீதான் என்று முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் எப்படிச் சொல்வது? கம்பி வலையை விரலால் சுரண்டினான்.

மார்லிஸ் பெட்டியின் அட்டையை மடித்துக்கொண்டே, அவனைப் பார்க்காமல் சொன்னாள். "சாப்பாட்டுக்கு அப்புறம் நான் இந்த வீட்டுல கதவோடதான் பேசறேன், ஆர்விட். கதவு ரொம்ப நல்ல மாதிரி. ஆனா பதில் சொல்றதில்ல."

அவனுக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே சுருக்கென்றது. ஆனாலும் இரண்டு மணி நேரச் சுதந்திரம் என்பது சாமானியமா? "காதுதான் தீர்ப்பு சொல்லணும்," என்றான் கம்பீரமாக. "எது நல்லதோ அது."

"சரி. கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேளு. நீயே சொல்லியிருக்க, சாமானைக் கண்ணால பாத்துட்டா காது பொய் சொல்லும்னு. நாளைக்கு மத்தியானம். பக்கத்து வீட்டு டுவேன் நடுவரா இருக்கட்டும். நீ எதைச் சொல்றியோ அது வீட்டுல இருக்கும், மத்த ரெண்டும் திரும்பிப் போகும்."

ஆர்விட் உடனே ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. கண்ணைக் கட்டினால் என்ன? கறுப்பைத் தொட்டாலே தெரியும், அதன் மெத்தை தோல். தலையில் ஏறினாலே தெரியும், குறடு. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தில் ஹீட்டர் உறுமுகிறது. எதை மாட்டியதும் அந்த உறுமல் நிற்கிறதோ, அதுதான் கறுப்பு. இதற்குப் பரீட்சை வேறா?

அன்று மாலையே ஒலியளவு மீட்டரை வைத்து, மூன்று ஹெட்போனும் ஒரே சத்தம் தரும் இடங்களை அளந்து, சத்தம் கூட்டும் குமிழைச் சுற்றி மார்லிஸின் நகப்பூச்சால் மூன்று பொட்டு வைத்தான். கறுப்புக்குச் சிவப்பு, பழுப்புக்கு ரோஜா, சல்லடைக்கு வெள்ளி. நேர்மையாகத்தான் வைத்தான். ஜெயிக்கப் போகிறவனுக்கு நேர்மை சுலபம்.

சனிக்கிழமை மத்தியானம் டுவேன் வந்தான். டுவேன் பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலமான விஸ்கான்சினில் பிறந்தவன். அந்த ஊர் வழக்கப்படி மனதில் பட்டதை வாயில் சொல்லிவிடுவான். இந்தப் பக்கத்தில், தட்டில் கடைசியாக ஒரு துண்டு மிஞ்சினால் யாரும் தொட மாட்டார்கள். பாதியாக வெட்டி, அந்தப் பாதியைப் பாதியாக வெட்டி, எறும்புக்கு மிஞ்சும் வரை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். டுவேன் வந்தால் அந்தப் பிரச்சினை கிடையாது. கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். மார்லிஸ் செய்து வைத்திருந்த லெமன் பார் என்னும் எலுமிச்சை இனிப்புத் தட்டைப் பார்த்துக்கொண்டேதான் பேஸ்மென்டுக்கு இறங்கினான்.

"கோட்டைக் கழட்டாத, டுவேன்," என்றாள் மார்லிஸ். "ஹீட்டரை நிறுத்தப் போறேன்."

ஆர்விட்டுக்குத் திக்கென்றது. "எதுக்கு? வெளியில மைனஸ் இருபது."

"உறுமிக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தத்துல நீ எப்படி நுணுக்கமா கேப்ப? அரைமணி தாங்கும்." ஹீட்டர் பெருமூச்சு விட்டு அடங்கியது. போகட்டும், குறடு இருக்கிறது என்று ஆர்விட் மனதைத் தேற்றிக்கொண்டான்.

கம்பளி ஸ்கார்ஃபால் அவன் கண்ணைக் கட்டினாள். முதல் ஹெட்போன் தலையில் ஏறியது. காதில் பட்டது தோலும் இல்லை, மெத்தும் இல்லை, கம்பளி.

"இதென்ன?"

"உன் பழைய காலுறை. வெட்டி மூணுக்கும் உறை போட்டிருக்கேன். தொட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாதில்ல? நீ ஏமாத்துவேன்னு சொல்லல. டுவேன் ஏதும் சொல்லிடக் கூடாது பாரு."

"நான் சொல்லுவேன்," என்றான் டுவேன்.

போகட்டும், பிடி இருக்கிறது. ஆர்விட் தலையை லேசாக அசைத்துப் பார்த்தான். அழுத்தவில்லை. சரி, இது கறுப்பு இல்லை. இரண்டாவது ஏறியது. அதுவும் அழுத்தவில்லை. மூன்றாவது வந்தது. அதுவும் அழுத்தவில்லை. ஆர்விட்டுக்குக் குளிரிலும் வியர்த்தது. கறுப்பின் கம்பிவளையம் முந்தின ராத்திரி முழுக்க மார்லிஸின் பெரிய பிஸ்கட் டப்பாவைக் கவ்விக்கொண்டு அலமாரியில் கிடந்து, முரட்டுத்தனமெல்லாம் போய் சாதுவாகிவிட்ட சங்கதி அவனுக்குத் தெரியாது.

"ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்றாள் மார்லிஸ். அவனுடைய கண்ணாடிக் கடைக் குரலையே எடுத்துப் பேசினாள்.

"திரும்பப் போடு."

"ரெண்டு தெளிவா, மூணு தெளிவா?"

"மூணு," என்றான் ஆர்விட். சொல்லக் கூடாது என்று நினைப்பதற்குள் வந்துவிட்டது. ஏனென்றால் நிஜமாகவே மூன்றுதான். மூன்றில் பாட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வார்த்தைகள் புரிந்தன. வரிசையை மாற்றி மாற்றி நாலு தடவை போட்டுப் பார்த்தாள். நாலு தடவையும் அவன் அதையே பிடித்தான். டுவேன் ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்து, குமிழ் பொட்டில் நிற்கிறதா என்று பார்த்தான்.

நாலாவது தடவைக்குப் பிறகு ஆர்விட்டுக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை உசத்தியாக இருந்தால் அது கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். காதலித்தவனுக்குத் தெரியாதா?

"எழுதிக்கோ டுவேன். இதுதான். இது உண்மை பேசுது. மத்த ரெண்டும் கந்தல். என் காது மேல சத்தியம்."

ஸ்கார்ஃபை அவிழ்த்தான். கையில் இருந்தது சல்லடை.

மூன்று பேர் மூச்சும் புகையாக மேலே போனது.

"நல்லா மாட்டின போ," என்றான் டுவேன். மேலே போய்த் தட்டில் இருந்த லெமன் பார்களில் மூன்றைத் தின்றான். திங்கட்கிழமைக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ஆர்விட் கண்ணைக் கட்டிக்கொண்டு நாலுக்கு நாலு சரியாகச் சொன்னான், தங்கக் காது என்று பாடகர் குழு முழுக்கப் பேச்சு. பாதிரியார் கையைப் பிடித்துக் குலுக்கினார். கறுப்பும் பழுப்பும் பெட்டிக்குள் படுத்துக் கடைக்குத் திரும்பிப் போயின.

சல்லடை உட்கார்ந்தது என்பதே தெரியாமல் தலையில் உட்கார்ந்தது. கண்ணாடிக் காம்பு வலிக்கவில்லை. காது வேகவில்லை. முதல் பாட்டை மறுபடி எடுத்துப் போட்டுச் சீராக்கினான். ஆல்ட்டோக்காரிகள் ஆறு பேரும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அதில் ஒரு குரல், வரி முடிவில் மூச்சு வாங்காமல் ஒரு நொடி கூடுதலாக நிற்கும் குரல், மார்லிஸுடையது. அவள் அப்படிப் பாடுவாள் என்று இத்தனை வருஷம் அவனுக்குத் தெரியாது. ஆர்விட் பாட்டை நிறுத்திவிட்டு, மறுபடி போட்டு, இன்னும் ஒரு தடவை போட்டுக் கேட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஆர்விட், குப்பை," என்றது மேலேயிருந்து அதே குரல். துடைத்த கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியது.

அந்த வாரம் குப்பை போனது, ஜன்னல் இடுக்கு அடைபட்டது, குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றது. அடுத்த ஞாயிறு மத்தியானம், குமிழைத் துடைக்கப் போனவன் கண்ணில் அது பட்டது. கண் பரிசோதகன் கண்ணாயிற்றே. வெள்ளிப் பொட்டுக்கு இடதுபக்கம், மயிரிழை தள்ளி, இன்னொரு பொட்டு இருந்து அழித்த தடம். மார்லிஸ் சுத்தமாகத்தான் அழித்திருந்தாள். ஆனால் நகப்பூச்சு வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

மீட்டரை எடுத்து அளந்தான். சல்லடை மற்ற இரண்டுக்கும் அளந்து வைத்த அளவைவிட மயிரிழை சத்தம் கூடுதலாகப் பாடியிருக்கிறது. நாலு தடவையும்.

மீன் தொண்டையில் சிக்கிய அந்த இரவு ஞாபகம் வந்தது. கதவோடு பேசியவள், அவன் மேஜையில் பேசியதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.

ஆர்விட் ஆவேசமாக எழுந்தான். எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தான். யாரிடம் போய்ச் சொல்வது? தங்கக் காதுக்காரன் மயிரிழைச் சத்தத்தில் கவிழ்ந்தான் என்றா? டுவேனுக்குத் தெரிந்தால் பாலத்தின் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. ஹெட்போன் திறந்திருக்கலாம். அதற்காகக் காது திறந்திருக்க வேண்டும் என்று சட்டமா? கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை. பாட்டில் மூழ்கியிருந்தேன் என்றால் யார் நிரூபிக்க முடியும்? இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, சல்லடையை மாட்டிக்கொண்டான்.

ஐந்து நிமிஷத்தில் மேலேயிருந்து வந்தது. "ஆர்விட், வாசல்ல ஒரு முழம் பனி."

ஆர்விட் அசையவில்லை.

"ஆர்விட், ராத்திரி இறுகிப் போயிடும். இப்பவே அள்ளிடு."

பாட்டுக்குத் தாளம் போட்டான். நாற்காலியை விட்டு எழவில்லை. மேலே நிசப்தம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தான். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

பிறகு மார்லிஸ், யாரிடமோ பேசுவது போல, மெதுவாக, சாதாரணக் குரலில் சொன்னாள். "ஒரே ஒரு லெமன் பார்தான் மிச்சம். ஆர்விட்டுக்கு வேண்டாம் போல. டுவேன், நீ எடுத்துக்கோ."

ஆர்விட்டுக்கு ஹெட்போனைக் கழற்றியது ஞாபகம் இல்லை. படி ஏறியதும் ஞாபகம் இல்லை. சமையலறை வாசலில் மூச்சிரைக்க நின்றபோது அங்கே டுவேன் இல்லை, தட்டும் இல்லை. மேஜைமேல் அவனுடைய கையுறை, குல்லாய். நாற்காலியில் சாய்த்து வைத்த பனி அள்ளும் மண்வெட்டி. பக்கத்தில் மார்லிஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"பார் எங்க?" என்றான் ஆர்விட்.

"அது காலையிலேயே டுவேன் வீட்டுக்குப் போயிடுச்சு. உனக்குன்னு வெச்சிருக்கான், பாவம், ரொம்ப நேரம் தாங்க மாட்டான்," என்று மார்லிஸ் கையுறையை நகர்த்தினாள். "நம்ம வாசலுக்கும் அவன் வாசலுக்கும் நடுவுல பனிதான் இருக்கு."